வெள்ளைச் சட்டைக்காரர்கள்

வருடத்தில் ஒரு நாள் எங்கள் பேட்டையில் பதினொரு பேர் இங்கிலாந்துக்காரர்களாக இருக்க வேண்டும். ஜூன் இருபத்திரண்டு. விரும்பி யாரும் வருவதில்லை. கிளப் தலைவர்தான் ஆட்களைத் தேர்ந்தெடுப்பார்.

எண்பத்தாறில் அந்தத் தேதியில்தான் மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பையில் எங்கள் நாட்டு டியேகோ மரடோனா இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல் போட்டான். ஒன்று கையால். மற்றொன்று பாதி மைதானத்தைத் தனியாக ஓடிக் கடந்து. அந்த இரண்டையும் எங்கள் மைதானத்தில் நாங்கள் மறுபடியும் போடுவோம். முழு ஆட்டம் கிடையாது. அன்றைய வானொலி வர்ணனை என்னிடம் நாடாவில் இருக்கிறது. ஒலிபெருக்கி என் பொறுப்பு. டியேகோவாக ஓடுகிறவன் வர்ணனையோடு சேர்ந்து ஓட வேண்டும். குரல் கோல் என்று கத்தும்போது பந்து வலைக்குள் இருக்க வேண்டும்.

டியேகோவாக ஓடுவதற்குச் சண்டை நடக்கும். வெள்ளைச் சட்டை தண்டனை. அடுத்தவன் மனைவியோடு போனவன், எதிரி கிளப்பில் சேர்ந்தவன், மைதானத்தை விற்றுவிடலாம் என்று கூட்டத்தில் பேசியவன், இவர்களுக்கெல்லாம் அது போகும். ஒரு வருடம் மருந்துக்கடைக்காரன் போட்டுக்கொண்டான். டியேகோவைவிட இப்போது ஆடும் லியோ பெரியவன் என்று முடிவெட்டும் கடையில் சொல்லியிருந்தான்.

எல்லாவற்றிலும் மோசம் கோல்கீப்பரின் சாம்பல் சட்டை. கோல்கள் விழுந்ததும் அவனைக் கம்பத்தில் கட்டுவோம். பிள்ளைகள் சேற்றை உருட்டி எறிவார்கள். பெரியவர்கள் முட்டையும் மாவும் கொண்டுவருவார்கள். அதன்பிறகு சாப்பாடு. நாங்கள் தீயில் வாட்டிய இறைச்சியும் வைனுமாக உட்காரும்போது பதினொரு பேரும் தனி மேசையில் பால் விட்ட தேநீர் குடிக்க வேண்டும். ஆறிய தேநீர். எங்கள் மூலிகைத் தேநீரான மாத்தே ஒரு வாய்கூட யாரும் கொடுக்கக் கூடாது. வெயில் இறங்கும்வரை.

டியேகோ இறந்த பிறகு இது பெரிதாகிவிட்டது. மற்ற பேட்டைகளிலிருந்தும் ஆட்கள் பார்க்க வந்தார்கள். மற்ற பேட்டைகளில் டியேகோவின் படம் சுவர்களில் ஏறிக்கொண்டிருந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நான்கு மாடி உயரத்தில் ஒன்று வரைந்தார்கள். எங்களிடம் இல்லை. அது எங்களை அரித்தது.

கிளப்பின் தெருப்பக்கச் சுவர் நீளமானது. கதவோ சன்னலோ இல்லாதது. படத்துக்கு அதைவிட நல்ல சுவர் கிடையாது. அதன் கீழ்ப்பகுதியில் மட்டும் மூன்று சுண்ணாம்புக் கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கதவின் அகலம். கட்டத்துக்கு ஒரு பெயர், கறுப்பு மையில். தெல்மோ அக்கோஸ்தா. ரமீரோ பின்தோஸ். நிகானோர் பாஸ். தீவுகளுக்குப் போன எங்கள் பையன்கள். எண்பத்திரண்டில் இங்கிலாந்துக்காரர்களோடு நடந்த போரில் செத்தவர்கள். மூன்று குடும்பமும் ஆளுக்கொரு கட்டம் பூசி எழுதிவைத்தது. மற்ற இருவருக்கும் தீவில் பெயர் பொறித்த கல்லறை உண்டு. தெல்மோவை எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. அவன் தங்கை இர்மா ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து அவன் பெயர்மேல் உள்ளங்கையை வைத்துவிட்டுப் போவாள். அவளுக்குக் கல்லறை அதுதான்.

நான்காவதாகப் போனவன் திரும்பி வந்தான். அனீபல். எங்கள் கிளப்பின் இரண்டாம் அணிக்கு கோல்கீப்பராக இருந்தவன். தெல்மோ அவனுக்கு முன்னால் நின்று தடுத்து ஆடுகிறவன். நானும் அவர்கள் வயதுதான். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் குலுக்கலில் என் எண் சின்னது. அவர்கள் எண் பெரியது. போனார்கள். அனீபலின் இடது பாதத்தில் இரண்டு விரல்களைப் பனி தின்றுவிட்டது. அதிலிருந்து அவனுக்குப் பெயர் மூணுவிரல். கணப்படுப்புகளைப் பழுதுபார்த்துப் பிழைத்தான். குளிர்காலத்தில் எல்லா வீட்டுக்கும் போவான். யார் வீட்டிலும் உட்கார மாட்டான்.

சுவரில் படம் வரைய முடிவான அந்த மே மாதம் அவன் கிளப் தலைவரின் இறைச்சிக் கடைக்கு வந்தான். தலைவர் தோன் ஹெர்மினியோ கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நான் விலா எலும்பு வாங்க நின்றிருந்தேன்.

"சுவரு முழுசும் பூசிட்டுப் படம் வரையப் போறீங்களாமே."

"ஆமா. முழுசும். லா பிளாத்தாவுலருந்து ஒரு பொண்ணு வருது. நல்லா வரையுமாம்."

"அப்ப பேரு?"

"பேர உள்ள எழுதிக்கலாம்ப்பா. கோப்பை வெக்கிற ரூம்ல. பித்தளையில வெட்டி மாட்டிடலாம். பளபளன்னு இருக்கும்."

"ஞாயித்துக்கெழம அந்த ரூமு பூட்டியிருக்கும். இர்மா ஞாயித்துக்கெழமதான் வருவா."

"சாவியக் குடுத்துட்டாப் போச்சு."

"அவ தெருவுல நின்னு தொடணும். சாவி வாங்கித் தொறந்து தொட முடியாது."

தோன் ஹெர்மினியோ கத்தியைக் கீழே வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. போருக்குப் பிறகு இரண்டு வருடம் இர்மாவின் அம்மாவுக்கு இறைச்சியைச் சும்மா கொடுத்தவர்.

"அனீபல், நாப்பது வருஷம் ஆச்சு. டியேகோ செத்து இன்னும் ரெண்டு வருஷம்கூட முடியல. அதுவுமில்லாம அந்த கோல அவன் யாருக்காகப் போட்டான்? இந்தப் பசங்களுக்காகத்தானே? அவன வரஞ்சா இவங்கள வரஞ்ச மாதிரிதான்."

"இவங்க அவன கோல் போடச் சொல்லிக் கேக்கல."

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டியேகோவைப் பற்றி அப்படி யாரும் பேசுவதில்லை. தோன் ஹெர்மினியோவின் கழுத்து சிவந்தது. பிறகு அவர் சிரித்தார். சிரித்தது நினைவிருக்கிறது.

"ஒண்ணு செய்வோம். இந்த வருஷம் சாம்பல் சட்டைக்கு ஆள் கெடைக்கல. நீ போட்டுக்க. பேருல யாரும் கை வெக்க மாட்டோம். ஒரு எழுத்துகூட."

"நான் அங்க போயிட்டு வந்தவன், தோன் ஹெர்மினியோ."

"அதாம்ப்பா பொருத்தம். இந்தப் பேட்டையிலயே அவனுங்களப் பக்கத்துல பாத்தவன் நீ ஒருத்தன்தான்."

வரிசையில் நின்றவன் ஒருவன் சிரித்தான். அனீபல் அவனைப் பார்க்கவில்லை. கல்மேடையில் கிடந்த இறைச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதுமேல சத்தியம்?"

"டியேகோமேல."

எங்கள் பேட்டையில் அம்மாமேல் செய்த சத்தியத்தை மீறியவர்கள் உண்டு. டியேகோமேல் செய்ததை மீறியவன் கிடையாது. அனீபலுக்கும் அது தெரியும். தலையசைத்துவிட்டுப் போனான். அவன் நொண்டிக்கொண்டே போவதைப் பார்த்து தோன் ஹெர்மினியோ என்னிடம் சொன்னார்.

"அறுவது வயசுல நல்லா விழுவான். பாரு."

ஜூன் இருபத்திரண்டு அன்று உறைபனி விழுந்து, காலை வெயிலில் மைதானம் சேறாகியிருந்தது. மற்ற பத்துப் பேரும் உடைமாற்றும் அறையில்தான் வெள்ளையைப் போட்டார்கள். தெருவில் அதோடு நடக்க யாருக்கும் மனம் வராது. அனீபல் சாம்பல் சட்டையை வீட்டிலேயே போட்டுக்கொண்டு தெரு வழியாக நடந்து வந்தான். இர்மா கேட்டருகில் எண்ணெய்ச் சட்டி வைத்துப் பொரித்த ரொட்டி விற்றுக்கொண்டிருந்தாள்.

"யோவ் அனீபல். உனக்கு எதுக்குய்யா இது?"

"சுவருக்கு."

"தெல்மோ பாத்தா சிரிப்பான்."

"சிரிக்கட்டும். அவன் சிரிச்சுக் கேட்டு எவ்வளவு நாளாச்சு."

ஒரு ரொட்டியைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். அவன் வாங்கவில்லை. அன்று இங்கிலாந்துக்காரனுக்கு எங்கள் உணவு கூடாது. அவன் முறையை மீறத் தயாராக இல்லை.

அந்த வருடத்து டியேகோ, தோன் ஹெர்மினியோவின் சகோதரி மகன் லாலோ. சரக்கு வண்டி ஓட்டுகிறவன். குள்ளம், தடித்த தொடை. சுருட்டை முடிக்கு ஒரு டோப்பா வாங்கியிருந்தான். வலதுகால்காரனான அவன் இடதுகாலால் பந்தைத் தட்டி ஓடுவதற்கு மாதக்கணக்கில் பழகியிருந்தான். நீலச் சட்டையில் அவன் வெளியே வந்தபோது கூட்டம் அவன் பெயரைச் சொல்லவில்லை. டியேகோ, டியேகோ என்றது. அவன் கண் கலங்கியது.

நாடாவை ஓடவிட்டேன்.

முதல் கோல் எளிது. வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் பந்தைத் தப்பாக உயரே உதைத்துப் பின்னால் அனுப்புவான். பந்து மெதுவாக இறங்கும். கோல்கீப்பர் தாமதமாகக் குதிப்பான். டியேகோ இடது முஷ்டியால் தட்டுவான். எல்லா வருடமும் அப்படித்தான்.

பந்து உயர்ந்தது. லாலோ குதித்தான். அவன் முஷ்டிக்கு மேலே இரண்டு கைகள் வந்தன. அனீபல் பந்தைப் பிடித்து, மார்போடு அணைத்துச் சேற்றில் விழுந்தான்.

ஒலிபெருக்கி கோல் என்று கத்தியது. நீண்ட கத்தல் அது. முடியவே முடியாது. பந்து அனீபலின் கைகளுக்குள் இருந்தது. லாலோ முஷ்டியை இன்னும் மேலேயே வைத்திருந்தான். நாடாவை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை. குரல் மெக்சிகோவில் அழுதுகொண்டிருந்தது. இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"அப்பா, இங்கிலாந்து ஜெயிச்சிருச்சா?" என்று ஒரு குழந்தை கேட்டது. எங்கோ ஒரு பெண் அடக்க முடியாமல் சிரித்தாள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். லாலோவைப் பார்த்து.

தோன் ஹெர்மினியோ சேற்றில் இறங்கி கோலுக்கு வந்தார்.

"என்னடா பண்ணின?"

அனீபல் பந்தைப் பார்த்தான். தன்னுடையது இல்லாத ஒன்றைப் பார்ப்பதுபோல.

"பந்து வந்துது. கை போயிருச்சு."

"உன் கை போகக் கூடாதுடா. அவன் கைதான் போகணும்."

"தெரியும்."

"இன்னொரு வாட்டி பிடிச்ச..." தோன் ஹெர்மினியோ நிறுத்திக்கொண்டார். சத்தியம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "விட்டுத் தொலை. விட்டுரு."

"சத்தியம் நிக்குதில்ல?"

"நிக்குது. பந்த விடு."

நாடாவைப் பின்னால் ஓட்டினேன். மறுபடியும் பந்து உயர்ந்தது. இந்த முறை அனீபல் கைகளை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு குதித்தான். லாலோவின் முஷ்டி முதலில் அவன் மூக்கில் பட்டது, பிறகு பந்தில். இரண்டும் வேண்டுமென்றேதான் என்று லாலோ பிற்பாடு சொன்னான். பந்து உருண்டு கோட்டைத் தாண்டியது. ஒலிபெருக்கி கத்தியது. நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

கோல் விழுந்ததும் கோல்கீப்பர் நடுவரிடம் ஓடி, கை கை என்று தன் கையைக் காட்டி முறையிட வேண்டும். அதுவும் ஆட்டத்தில் சேர்ந்தது. அனீபல் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையை உயர்த்திக் காட்டினான். விரல்களுக்கிடையில் இரத்தம் ஒழுகியது. அன்று கூட்டம் மிக அதிகமாகச் சிரித்தது அதற்குத்தான்.

இரண்டாவது கோலில் தவறு எதுவும் நடக்கவில்லை. வெள்ளைச் சட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அனீபல் முன்னால் வந்து விழுந்தான். லாலோ அவனைச் சுற்றிக்கொண்டு போய்த் தட்டிவிட்டான்.

பிறகு அவனைக் கம்பத்துக்குக் கொண்டுபோனோம். கட்டுகிறவன் கயிற்றை மணிக்கட்டில் இறுக்கினான்.

"கொஞ்சம் மேல கட்டு," என்றான் அனீபல். "எலும்புக்கு மேல. கீழ கட்டுனா விரல் செத்துரும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அங்க எங்களக் கட்டுனாங்க. தெல்மோவும் நானும் ஆட்டுக்கறி திருடித் தின்னுட்டோம்னு. தரையில முளையடிச்சு, கால் கை நாலையும் இழுத்துக் கட்டி, ராத்திரி முழுக்கப் பனியில. விரல் அப்பதான் போச்சு."

"பாவிப் பசங்க. இங்கிலாந்துக்காரனுங்களா?"

"இல்ல. நம்ம லெப்டினென்ட்."

கட்டுகிறவன் கயிற்றைத் தளர்த்தினான். எலும்புக்கு மேலேயே கட்டினான். சேறு பறக்க ஆரம்பித்தது. லாலோ பிள்ளைகளோடு நின்று எறிந்தான். பெரியவர்கள் சேறு எறிவதில்லை. அவன் எறிந்தான்.

சாப்பாட்டில் பதினொரு பேரும் தனி மேசையில் உட்கார்ந்தார்கள். மற்ற பத்துப் பேரும் தேநீரை உதட்டில் வைத்து முகம் சுளித்துத் துப்பினார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும். அனீபல் மாவும் முட்டையும் காய்ந்த முகத்தோடு கோப்பை முழுவதையும் குடித்து முடித்தான்.

"எப்படிடா இருக்கு?" என்று தோன் ஹெர்மினியோ எங்கள் மேசையிலிருந்து கேட்டார். கொஞ்சம் சமாதானமாகியிருந்தார்.

"அங்க குடுத்தது இதவிட நல்லா இருந்துது."

"எங்க?"

"தீவுல. எங்களப் பிடிச்ச அன்னிக்கு. அவங்க சிப்பாய் ஒருத்தன் குடுத்தான். சூடா, சக்கர போட்டு."

லாலோ எழுந்து வந்து, தன் கிளாஸிலிருந்த வைனை அவன் கோப்பையில் ஊற்றவில்லை, தலையில் ஊற்றினான். யாரும் தடுக்கவில்லை. அனீபல் வெயில் இறங்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். முறைப்படி.

அதற்கப்புறம் லாலோவுக்கு வாழ்க்கை கஷ்டமாகிவிட்டது. சரக்கு இறக்கும் இடங்களிலெல்லாம், அப்பா இங்கிலாந்து ஜெயிச்சிருச்சா என்று கேட்டார்கள். பந்து பிடிபட்டபோது யாரோ எடுத்த வீடியோ மற்ற பேட்டைகளுக்கும் போய்விட்டது. மூன்றுவிரல் கிழவனிடம் தோற்ற டியேகோ. டோப்பாவை அவன் வண்டிக்கு அடியில் போட்டு மிதித்தான்.

ஓவியப் பெண் யமிலா ஆகஸ்டில் வந்தாள். சாரம் கட்டி, சாக்குத் துணியால் சுவரை மூடிவிட்டு உள்ளே வேலை செய்தாள். டியேகோவின் பிறந்தநாளான அக்டோபர் முப்பது அன்று திறப்பு. அதற்குமுன் யாரும் பார்க்கக் கூடாது. முதல் நாள் அவள் தோன் ஹெர்மினியோவிடம் கேட்டது எனக்குத் தெரியும். நான் மின்சாரம் இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"கீழ இருக்கிற பேரெல்லாம் என்ன செய்யட்டும்?"

"தொடாத. ஒரு எழுத்தும் தொடாத. சுண்ணாம்பும் அப்படியே இருக்கணும். டியேகோமேல சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யாரு அவங்க?"

"நம்ம பசங்க."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

திறப்பு அன்று தெரு கொள்ளவில்லை. இர்மா நீல உடை போட்டுக்கொண்டு வந்தாள். அனீபல் சவரம் செய்திருந்தான். மூக்கு கொஞ்சம் கோணலாக நின்றுவிட்டிருந்தது. தோன் ஹெர்மினியோ கயிற்றை இழுத்தார். சாக்கு விழுந்தது.

டியேகோ சுவரின் முழு உயரத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தான். இரண்டாவது கோலின் ஓட்டம். நீலச் சட்டை. இடது பாதத்தில் பந்து ஒட்டியிருந்தது. அப்படி ஒரு டியேகோ எந்தப் பேட்டையிலும் இல்லை. ஆட்கள் முழங்காலிட்டார்கள். நானும் அழுதேன்.

அவன் கால்களுக்குக் கீழே அவன் தாண்டி வந்த இங்கிலாந்துக்காரர்கள். மூன்று பேர். ஒருவன் காலை நீட்டிச் சறுக்குகிறான். ஒருவன் தடுமாறித் திரும்புகிறான். ஒருவன் குப்புற விழுந்து கிடக்கிறான். மூன்று பேரின் முதுகும் எங்கள் பக்கம். சட்டை வெள்ளை. சுண்ணாம்பு வெள்ளை. முதுகுகளில் பெயர். தெல்மோ அக்கோஸ்தா. ரமீரோ பின்தோஸ். நிகானோர் பாஸ்.

இர்மா பழக்கத்தில் நடந்து போய், படத்தைச் சரியாகப் பார்க்காமல், உள்ளங்கையைப் பெயர்மேல் வைத்தாள். விழுந்து கிடக்கும் இங்கிலாந்துக்காரனின் முதுகைத் தடவிக்கொடுப்பதுபோல இருந்தது. கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

"பேர் அப்படியே இருக்கு, பாத்தீங்களா?" என்றாள் யமிலா. சந்தோஷமாக இருந்தாள். "ஒண்ணயும் தொடல. ஏற்கனவே வெள்ளையா இருந்துச்சா, சட்டைக்கு வசதியாப் போச்சு."

அனீபல் தோன் ஹெர்மினியோவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"பேரு அவனுங்க முதுகுல இருக்கு."

"நாங்க தொடலையே."

"இங்கிலாந்துக்காரன் முதுகுல இருக்குங்கறேன்."

தோன் ஹெர்மினியோ அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அனீபல், பேரு நாப்பது வருஷமா அங்கயேதான இருக்கு. படம்தான் இப்ப வந்துது."

"சட்டைக்கு வேற கலர் அடிக்கச் சொல்லுங்க."

"இங்கிலாந்து அன்னிக்கு வெள்ள. நான் சரித்திரத்த மாத்தவா?"

"அப்ப பேர அழிச்சிருங்க."

"அது எப்படி முடியும்?" அவருக்கு நிஜமாகவே வருத்தம். "ஒரு எழுத்து தொட மாட்டேன்னு சொல்லியிருக்கேன். அதுவும் யார்மேல? நீதானே கேட்டு வாங்குன?"

நவம்பரில் உலகக் கோப்பை ஆரம்பித்தது. இரவு பகலாகச் சுவருக்கு முன்னால் கூட்டம். பிள்ளைகள் பந்தைச் சுவரில் அடித்து விளையாடினார்கள். டியேகோமேல் பந்து படக் கூடாது. பட்டால் பெரியவர்கள் அறைவார்கள். அதனால் கீழே அடித்தார்கள். பாஸின் முதுகில் பட்டால் ஒன்று. பின்தோஸ்மேல் பட்டால் இரண்டு. தெல்மோ தரையோடு கிடந்ததால் அடிப்பது கஷ்டம், அவனுக்கு மூன்று. ஓடும்போது தாங்களே வர்ணனையும் சொல்லிக்கொண்டார்கள்.

"டியேகோ வர்றான், பாஸை ஏமாத்திட்டான், பின்தோஸ் வர்றான், பின்தோஸும் காலி, கடைசி ஆள் தெல்மோ, தெல்மோ விழுந்துட்டான், எந்திரிடா தெல்மோ, தெல்மோ ஒரு கழுத..."

அவர்களுக்கு அவை இங்கிலாந்துக்காரர்களின் பெயர்கள். வேறு என்னவாக இருக்க முடியும். வெள்ளைச் சட்டை போட்டு விழுந்து கிடக்கிறார்கள்.

இர்மா மூன்று ஞாயிறு வந்தாள். எதிர்ப்புறம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். நான்காவது ஞாயிறு அனீபலின் வீட்டுக்குப் போனாள். கூட இருந்த பக்கத்து வீட்டுக்காரி எங்களுக்குச் சொன்னாள்.

"அழிச்சிருய்யா."

"அது மட்டும்தானே உனக்கு இருக்கு."

"இப்ப அதுவும் இல்ல. அழிச்சிரு. நீதான் மூக்க ஒடச்சுக்கிட்டு வாங்குன. நீதான் அழிக்கணும்."

மறுநாள் மதியம் வெயில் கொளுத்தியது. சாப்பிட்டுவிட்டு எல்லோரும் படுத்திருந்த நேரம். அனீபல் சுண்ணாம்பு வாளியும் பூசும் மட்டையுமாக வந்தான். இர்மா வாளியைப் பிடித்துக்கொண்டாள். மறைக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. முதலில் பாஸ். பிறகு பின்தோஸ். கடைசியாக முழங்காலிட்டு தெல்மோ. அக்கோஸ்தாவை முதலில் மூடினான். தெல்மோ என்பதை ஒவ்வொரு எழுத்தாக.

எழுந்திருக்கும்போது இடது பாதம் வழுக்கியது. மூன்று விரலில் நிற்கிறவன். விழாமலிருக்கக் கையைச் சுவரில் ஊன்றினான். கையில் மட்டை இருந்தது. சுண்ணாம்பு டியேகோவின் காலணிமேல் தெறித்தது. இடது காலணி.

வண்டியில் தூங்கிக்கொண்டிருந்த லாலோதான் முதலில் பார்த்தான். அவன் கத்தியதில் கதவுகள் திறந்தன.

"இடது கால். இடது கால்ல பூசிட்டாண்டா."

அனீபல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். லாலோ அவனை மூக்கிலேயே அடித்தான். அதற்குப் பிறகு நிறையக் கால்கள். இர்மா, "பேர அழிக்க வந்தோம், பேரத்தான்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எந்தப் பெயர் என்று யாரும் கேட்கவில்லை. ஒருவன் சுண்ணாம்பு வாளியை அனீபலின் முகத்தில் கவிழ்த்தான். அவன் கண்களை மூடிக்கொள்ளச் சற்றுத் தாமதமாகிவிட்டது.

தோன் ஹெர்மினியோ கடையிலிருந்து ஓடிவந்து எல்லோரையும் விலக்கினார். அனீபலைத் தாண்டிக்கொண்டு சுவருக்குப் போனார். தன் மேலங்கியின் நுனியை எச்சிலால் நனைத்து டியேகோவின் காலணியைத் துடைத்தார். மெதுவாக, பிஞ்சுக் குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல. சுண்ணாம்பு ஈரமாக இருந்ததால் வந்துவிட்டது. நாங்கள் மூச்சுவிட்டோம்.

பிறகு அவர் நான்கு அடி பின்னால் வந்து முழுப் படத்தையும் பார்த்தார்.

"இப்பதான் சரியா இருக்கு," என்றார்.

"எது?"

"சட்ட. இங்கிலாந்துக்காரனுக்கு எதுக்கு நம்ம பேரு? முன்னாடியே உறுத்துச்சு எனக்கு." கீழே பார்த்தார். "இவனத் தூக்குங்கப்பா. கண்ணுல தண்ணி ஊத்துங்க."

தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு கண்ணுக்குப் போதவில்லை.

டிசம்பரில் நாங்கள் கோப்பையை ஜெயித்தோம். பேட்டை முழுவதும் அந்தச் சுவருக்கு முன்னால்தான் ஆடியது. சுண்ணாம்பு காய்ந்து சட்டைகள் பளிச்சென்று இருந்தன. வைன் ஏறியபோது எங்களுக்குள் ஒரு சண்டை வந்தது. தெல்மோ எந்தச் சட்டையில் இருந்தான் என்று. சறுக்குகிறவன் என்றான் லாலோ. நடுவில் இருக்கிறவன் என்றார் தோன் ஹெர்மினியோ. விழுந்து கிடக்கிறவன் என்றேன் நான். பந்தயம்கூடக் கட்டினோம்.

இர்மாவைக் கேட்கலாம் என்றான் ஒருவன். அவள் இப்போது பூசைக்கு வேறு தெரு வழியாகப் போகிறாள்.